கேஸ் கீசரா, ஹீட் பம்ப்பா? மேடவாக்கம், மேல் மாடி, 3 பாத்ரூம்

மாடி_நாலு | 14 டிசம்பர் 2025, காலை 7:42

வணக்கம். ஸ்டில்ட் + 4 கட்டடம், எங்களுடையது நாலாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடி, அதில் அசோசியேஷன் டேங்க். பாத்ரூம் மூன்று. வீட்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். மற்ற மூவருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போதும்.

கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது:

1. கேஸ் கீசர், 6 லிட்டர், இரண்டு. ஒன்று 6,500 ரூபாய். பில்டர் இரண்டு பாத்ரூமுக்குள் கேஸ் பாயின்ட் விட்டிருக்கிறார்.
2. ஹீட் பம்ப் (ஏசி மாதிரி கம்ப்ரஸர் வைத்து, வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மின் மெஷின்), 200 லிட்டர், யுடிலிட்டி பால்கனியில். பைப் வேலையோடு 1,65,000.

தண்ணீர் போரும் லாரியும் கலந்து வருகிறது. லேப் ரிப்போர்ட் (லிட்டருக்கு மில்லிகிராமில்): டிடிஎஸ், அதாவது மொத்தமாகக் கரைந்த உப்பு, 1,100, ஹார்ட்னஸ் 460, குளோரைடு 380. ஈபி ரீடிங் கீசர் இல்லாமல் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். வெயில் காலத்தில் ஏசியால் 700 தாண்டும்.

யூடியூபில் எல்லோரும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடுங்கள் என்கிறார்கள். நமக்கும் அதுதானா?

---

தேம்ஸ்கரை | 14 டிசம்பர், காலை 9:15

அந்த வீடியோக்கள் பேசுவது வேறு வேலையைப் பற்றி, அதை முதலில் தெளிவாக்கிவிடலாம். இங்கே பிரிட்டனில் பாய்லர் என்பது வீட்டையே சூடாக்கும் சாமான். ரேடியேட்டர்களில் வெந்நீர் ஓடும், குளிக்கும் தண்ணீர் அதில் ஒரு சின்னப் பங்குதான். சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 11,500 கிலோவாட் மணி கேஸ் என்பது இங்குள்ள ஒழுங்குமுறை ஆணையத்தின் 2025 கணக்கு. அவ்வளவு வெப்பம் தேவைப்படுகிற இடத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் தரும் மெஷினுக்கு லட்சக்கணக்கில் போட்டாலும் அர்த்தம் உண்டு. அப்போதும் மின்சார யூனிட் கேஸ் யூனிட்டைவிடப் பல மடங்கு விலை என்பதால் இங்கே சண்டை ஓயவில்லை.

சென்னையில் வீட்டைச் சூடாக்கும் வேலையே கிடையாது. உங்கள் கேள்வி பாய்லரா ஹீட் பம்ப்பா என்பதல்ல. எத்தனை பக்கெட் வெந்நீர் என்பதுதான்.

---

மின்கணக்கு | 14 டிசம்பர், காலை 10:30

பக்கெட் கணக்கையே போட்டுவிடுவோம்.

குளிக்கிற சூடு 40 டிகிரி. மார்கழி விடியலில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி அளவில் இருக்கும். ஆக நாம் ஏற்ற வேண்டியது வெறும் 15 டிகிரி. 20 லிட்டர் பக்கெட் இரண்டு, அதாவது ஒருவருக்கு 40 லிட்டர்: 40 × 15 = 600 கிலோகலோரி, 0.7 யூனிட் வெப்பம் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, 860 கிலோகலோரி). சென்னையில் ஒரு ஆள் குளிக்க ஆகும் வெப்பம் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு:

குளிர்காலம் 120 நாள், 5 பேர், 200 லிட்டர்: நாளுக்கு 3.5 யூனிட், மொத்தம் 420.
மீதி 245 நாள், பெரியவர்கள் இருவர், 80 லிட்டர். டேங்க் தண்ணீர் 30 டிகிரி என்பதால் 10 டிகிரி ஏற்றினால் போதும்: நாளுக்கு 0.93, மொத்தம் 228.
ஆண்டுக்கு ஏறத்தாழ 650 யூனிட் வெப்பம்.

இதே 650-ஐ மூன்று வழியில் தருவோம்.

கேஸ்: ஒரு கிலோ எல்பிஜியில் 12.8 யூனிட் வெப்பம். கீசர் 80 சதவீதம் தண்ணீருக்குக் கொடுத்தால் 10.2. உங்களுக்கு 64 கிலோ, நாலரை சிலிண்டர். சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 என்றால் 3,900 ரூபாய்.

சாதா எலெக்ட்ரிக் கீசர்: டேங்கில் ஆறிப்போகிற சூட்டுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 750 யூனிட்.

ஹீட் பம்ப்: 200 லிட்டர் டேங்க் வருஷம் முழுக்கச் சூடாக நிற்கும். நாளுக்கு 1.2 யூனிட் வெப்பம் சும்மா வெளியே போகும், ஆண்டுக்கு 438. உங்கள் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அது! சிஓபி, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பம், 3.5 என்று எடுத்தால் (650 + 438) ÷ 3.5 = 311 யூனிட் மின்சாரம்.

இப்போது ஈபி அடுக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் இரண்டு அடி விழும். 500-க்கு மேல் உள்ள யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல், 600-க்கு மேல் ஒன்பதுக்கு மேல். அதோடு 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். குளிர்காலத்தில் எலெக்ட்ரிக் கீசர் ஒரு பில்லுக்கு 240 யூனிட் கூட்டும், 400 என்பது 640 ஆகும். கூடுதல் பில் 2,100 ரூபாய் அளவில். ஹீட் பம்ப் 80 யூனிட்தான் கூட்டும், 480-இல் நின்றுவிடும். கூடுதல் 500 ரூபாய் சொச்சம். ஆக ஒரு குளிர்கால பில்லுக்கு மிச்சம் 1,600. இரண்டு பில்லுக்கு 3,200. மற்ற நாலு பில்லிலும் சேர்த்து ஓர் ஆயிரம். ஆண்டுக்கு 4,200 ரூபாய்.

மூன்று எலெக்ட்ரிக் கீசர் பொருத்த 30,000 ஆகும் என்று வைத்தால், ஹீட் பம்ப்புக்கு நீங்கள் கூடுதலாகப் போடுவது 1,35,000. அது திரும்பி வர 32 ஆண்டு. மெஷின் ஆயுள் 12 முதல் 15.

ஹீட் பம்ப் மோசமான மெஷின் அல்ல. உங்கள் வீட்டில் அதற்குப் போதுமான வேலை இல்லை.

---

மாடி_நாலு | 14 டிசம்பர், காலை 11:05

நன்றி சார், ஈபி அடுக்கு இவ்வளவு மாற்றும் என்று நினைக்கவில்லை. அப்படியானால் செலவில் கேஸ்தான் முன்னால் நிற்கிறது? முதலும் 13,000, வருஷச் செலவும் 3,900.

---

மூச்சுக்காற்று | 14 டிசம்பர், பகல் 12:20

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வேண்டாம். செலவுக் கணக்கை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டுக் காற்றுக் கணக்கைப் பாருங்கள்.

6 லிட்டர் கீசர் முழுச் சுடரில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் எரிக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். நம் ஊர் பாத்ரூம் ஐந்துக்கு எட்டு அடி, லாஃப்ட் போக எட்டடி உயரம். 320 கன அடி, அதாவது 9 கன மீட்டர் காற்று. கதவையும் லூவரையும் சாத்திக்கொண்டு கீசரை 15 நிமிடம் ஓடவிட்டால் 3 கன மீட்டர் காற்றின் ஆக்ஸிஜன் போய்விடும், அறையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஆபத்து அதற்கு முன்பே தொடங்குகிறது. ஆக்ஸிஜன் 21-லிருந்து 18-க்கு இறங்க ஆறேழு நிமிடம் போதும். அதற்குக் கீழே சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது.

ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில் முதல் ஆளுக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். இரண்டாவது ஆளுக்குத் தலைவலி, மூன்றாவது ஆளுக்குக் கால் துவண்டு தாழ்ப்பாளை நீக்க முடியாமல் போகும். வலிப்பு மாதிரியும் வரும். இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே நம் நாட்டு மருத்துவ இதழ்களில் பெயர் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஆள் எழுபது வயதுக்காரராக இருக்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். கதவுக்குக் கீழே அரை அங்குல இடைவெளிகூட இல்லாத பாத்ரூமில் ஃபேன் சுற்றும், காற்று நகராது. உள்ளே வர வழி இருந்தால்தானே வெளியே போகும்? புகைக்குழாய் வைத்த கீசர் என்றால் இன்னும் மோசம். ஃபேன் அந்தப் புகையையே குழாய் வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கும்.

ஏற்கெனவே பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: கதவைத் திறந்து வைத்து பக்கெட்டில் பிடியுங்கள், கீசரை அணையுங்கள், அதன் பிறகு உள்ளே போய்க் குளியுங்கள். யாராவது உள்ளே மயங்கினால் கீசரை நிறுத்திக் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், 108. ஆஸ்பத்திரியில் "கேஸ் கீசர் ஓடியது" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த நஞ்சைப் பிரித்தறியாது, 98 என்று நல்ல எண்ணாகவே காட்டும். ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்) பார்த்தால்தான் தெரியும். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம், முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

---

குழாய்_வேலை | 14 டிசம்பர், பகல் 1:48

மேடம் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பாத்ரூமுக்குள்ள வேணாம். ஆனா யுடிலிட்டில மாட்டி, அங்கிருந்து பைப்ல பாத்ரூமுக்குக் கொண்டு போறது உண்டு. அந்த வழில என்னென்ன தொந்தரவு வரும்னு சொல்லிடறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

முதல்ல பிரஷர். கேஸ் கீசர்ல தண்ணி உள்ள வர்ற வேகத்துல ஒரு ரப்பர் டயாஃப்ரம் தள்ளி, அது ஒரு பின்னைத் தள்ளி, பின்னு மைக்ரோ ஸ்விட்சைத் தட்டினாத்தான் ஸ்பார்க் வரும். அதுக்குக் குறைஞ்சது கால் பார், அதாவது ரெண்டரை மீட்டர் தண்ணி உயரம் வேணும். நீங்க மேல் மாடி. டேங்க் அடித்தளம் மாடித் தரையிலிருந்து நாலடி உயரத்துல இருந்தாலும், கீசர் வாய் வரைக்கும் 2.8 மீட்டர்தான் கிடைக்கும். எல்போ, வால்வு, பழைய பைப்புல உப்புன்னு போக மிச்சம் பாருங்க. டேங்க் நிறைஞ்சிருந்தா பத்தும், பாதி ஆனா டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும். முதல் மாடி, ரெண்டாவது மாடிக்காரங்களுக்கு இந்தப் பிரச்னை இல்ல. உங்களுக்கு பிரஷர் பம்ப் வைக்கணும், அது தனிச் செலவு.

ரெண்டாவது, நம்ம ஊர் தண்ணி ரொம்பக் குளிர்ந்தது கிடையாது. கீசர் சுடரை எவ்வளவு குறைச்சாலும் நாலரை கிலோவாட்டுக்குக் கீழ இறங்காது. நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடினா 21 டிகிரி ஏறும். உள்ள வர்றதே 30 டிகிரின்னா வெளிய 51. தோல் பொறுக்காதுன்னு பச்சைத்தண்ணி குழாயைத் திறப்பீங்க. உடனே கீசர் வழியா போற தண்ணி குறையும், சுடர் அணையும். ஜில்லுனு வரும். பச்சைத்தண்ணியை மூடுவீங்க, திரும்பப் பத்தும், கொதிக்கும். 'கீசர் ரிப்பேர்'னு கூப்பிடறதுல பாதி இதுதான், ரிப்பேரே கிடையாது. சம்மர்–வின்டர் குமிழை சம்மர்ல வச்சு, கேஸைக் குறைச்சு, குழாயை முழுசாத் திறந்து நேரா பக்கெட்ல பிடிக்கணும். மிக்ஸர்ல கலக்கக் கூடாது. வயசானவங்க தனியா குளிக்கிறப்ப இந்த வித்தை சரிப்படாது.

மூணாவது, உங்க தண்ணி. ஹார்ட்னஸ் 460-னா செப்புக் காயில்ல வருஷத்துக்குள்ள உப்பு ஏறும். ஏறினா ஒரு பக்கம் கொதிச்சு 'கடகட'ன்னு சத்தம் வரும். டயாஃப்ரம் விறைச்சுப் போய், பின்னு உள்ளயே மாட்டிக்கிட்டா தண்ணியை மூடின பிறகும் சுடர் எரியும். அதுதான் பயப்பட வேண்டிய கோளாறு. குழாயை மூடின அடுத்த செகண்டு சுடர் அணையுதான்னு வாரம் ஒருதரம் கண்ணால பாருங்க. அணையலைன்னா சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

சிலிண்டர் இணைப்பு: அடுப்புக்குப் போற ரெகுலேட்டர்லயே டி (மூணு வாய் ஜாயின்ட்) போட்டு கீசருக்கு இழுக்காதீங்க. அடுப்பு எரியறப்ப கீசர் சுடர் தளர்ந்து நடுங்கும். ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல கூடாது, அஞ்சு வருஷத்துல மாத்தணும். குழாய் கேஸ் வந்த ஏரியான்னா எல்பிஜி கீசரை அப்படியே மாட்டக் கூடாது. ஜெட் அளவு வேற.

---

மூச்சுக்காற்று | 14 டிசம்பர், பகல் 2:10

ஒரு சேர்க்கை. யுடிலிட்டி என்று சொல்லி டக்டுக்குள் (குழாய்கள் மேலும் கீழும் ஓடும் செங்குத்து இடைவெளி) மாட்டுகிறார்கள், அதுவும் கூடாது. பாத்ரூம் லூவர்கள் எல்லாம் திறக்கிற அந்த டக்டில் புகை மேலே ஏறி மாடி வீடுகளின் பாத்ரூமுக்குள்தான் நுழையும். ஒரு பக்கம் முழுதாகத் திறந்த பால்கனி என்றால் மட்டும் யோசியுங்கள். கண்ணாடி ஸ்லைடிங் போட்டு மூடிய யுடிலிட்டி ஓர் அறைதான், பால்கனி அல்ல.

கேஸ் லீக் டிடெக்டர் வாங்கி மாட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. அது தரையோரம் வைக்கிற சாமான், எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, மூச்சு விடும் உயரத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தர அலாரம் காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் கத்தும், 300 பிபிஎம்மில் மூன்று நிமிடத்துக்குள் கத்தும். மெதுவாகச் சேரும் நஞ்சுக்கு அது காவல், தவறான இடத்தில் மாட்டிய கீசருக்குப் பரிகாரம் அல்ல.

---

உப்புக்காற்று | 14 டிசம்பர், மாலை 6:35

திருவான்மியூர் பக்கம் ஏசி, ஹீட் பம்ப் சர்வீஸ் வேலை. மின்கணக்கு சார் கணக்கில் தப்பு சொல்ல மாட்டேன், ஆனால் ஹீட் பம்ப்பை 24 மணி நேரமும் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இங்கே ஓட்டுகிற முறை வேறு.

டைமரில் மதியம் 1 முதல் 4 வரை மட்டும் ஓட விடுங்கள். அந்நேரம் காற்று 30 டிகிரிக்கு மேல், வெயில் அடித்த மொட்டை மாடி டேங்க் தண்ணீரும் சூடாக இருக்கும். சிஓபி 4-ஐத் தொடும். 50 டிகிரியில் நிறுத்துங்கள், 60 வேண்டாம். விடியும்போது மூன்று நாலு டிகிரிதான் இறங்கியிருக்கும். 50 டிகிரியில் 200 லிட்டர் என்பது 25 டிகிரி தண்ணீரோடு கலந்தால், ஆறுவதும் டேங்கிலேயே கலந்து வீணாவதும் போக, குளிக்கிற சூட்டில் கையில் கிடைப்பது 265 லிட்டர், பதிமூன்று பக்கெட். ஐந்து பேருக்குத் தாராளம். காலையில் டேங்கில் புதுத் தண்ணீர் ஏறியதும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்காமல் டைமர் பிடித்து வைக்கும், அதுதான் மிச்சம். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் 60-க்கு ஏற்றுங்கள், வெதுவெதுப்பான டேங்கில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க.

இனி கொட்டேஷனில் எழுதாத விஷயங்கள்.

டேங்க் உள் உலோகம் என்னவென்று கேளுங்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 என்றால் உங்கள் குளோரைடு 380-க்கு ஆகாது. 200-ஐத் தாண்டிய வெந்நீரில் வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை விழும். எஸ்.எஸ். 316, இல்லையென்றால் உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள கிளாஸ் லைனிங் டேங்கும், டேங்குக்குப் பதில் தான் அரிபட்டு அதைக் காக்கும் மக்னீசியம் ஆனோட் ராடும். அந்த ராடு உங்கள் தண்ணீரில் ஒன்றரை வருஷம் தாங்கினால் பெரிது. வருஷம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். விரல் தடிமன் இருந்தது பென்சில் தடிமன் ஆகி, நடுக்கம்பி தெரிய ஆரம்பித்தால் மாற்ற வேண்டும். பல வீடுகளில் டேங்க் ஓட்டை விழுந்த பிறகுதான் அப்படி ஒரு ராடு இருப்பதே தெரியவருகிறது. யுடிலிட்டியில் பொருத்தும்போது ராடை மேலே உருவ ஓர் அரை மீட்டர் இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சீலிங்கில் இடித்தால் டேங்கையே இறக்க வேண்டியிருக்கும்.

காய்லில் சென்னை ஈரப்பதத்துக்கு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஓடும் நேரத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் போகும். முக்கால் அங்குல டிரெய்ன் பைப் இல்லாமல் மாட்டினால் வாஷிங் மெஷின் பிளக் பக்கம் வழியும். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் கோட்டிங் உள்ள ஃபின் (காய்லைச் சுற்றிய மெல்லிய தகடுகள்) மட்டும் வாங்குங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீரால் அல்ல! வேளச்சேரி, பள்ளிக்கரணை தரைத்தளக்காரர்கள் 2015-ஐயும் 2023 மிக்ஜாமையும் மனதில் வைத்து நாலடி உயரத்தில் பிராக்கெட்டில் ஏற்றுங்கள்.

ஸ்பிளிட்டா, ஒரே உடம்பாக வருவதா என்றால் ஒரே உடம்பு. ஸ்பிளிட்டில் கம்ப்ரஸர் கேஸ் (அடுப்பு கேஸ் அல்ல) ஓடும் லைனை ஃபிளேரிங் செய்து இணைப்பது, காற்றை உறிஞ்சி வேக்குவம் ஆக்குவது எல்லாம் உங்கள் வீட்டில் செய்வது. அங்கேதான் லீக் வருகிறது.

---

மின்கணக்கு | 14 டிசம்பர், இரவு 8:02

மதிய டைமர் நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். சிஓபி 4 என்றும், ஆறிப்போவது பாதி என்றும் வைத்து மறுபடி போட்டேன்: (650 + 219) ÷ 4 = 217 யூனிட். முன்பு 311. மிச்சமாவது 94 யூனிட், தாராளமாக 900 ரூபாய். 4,200 என்பது 5,100 ஆகிறது. 1,35,000-ஐ 5,100-ஆல் வகுத்தால் 26 ஆண்டு. இன்னும் ஆயுளைத் தாண்டித்தான் நிற்கிறது. நடுவில் ஒரு ஆனோட், ஒரு பிசிபி (கன்ட்ரோல் போர்டு) மாற்றினால் அதுவும் போச்சு.

பைப்பையும் மறந்துவிட்டோம். பால்கனி ஒரு மூலை, பாத்ரூம் மூன்று மூலை. முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் பிளாஸ்டிக்) பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். 12 மீட்டர் ஓடினால் ஒவ்வொரு தடவையும் முதல் 3 லிட்டர் பச்சைத்தண்ணீர், கடைசியில் 3 லிட்டர் வெந்நீர் பைப்பிலேயே ஆறும். நாளுக்கு ஐந்து குளியலில் அது 15 லிட்டர். 9 மி.மீ. நைட்ரைல் ஃபோம் சுற்றினால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு உதவும், மதியம் தனியாகக் குளிப்பவருக்கு உதவாது.

ஹீட் பம்ப் எங்கே ஜெயிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இழையைப் படிக்கிற பிஜி ஹாஸ்டல்காரர் தப்பாக எடுத்துக்கொள்வார். 30 பேர், வருஷம் முழுக்க, தலைக்கு 40 லிட்டர்: நாளுக்கு 18 யூனிட் வெப்பம், இழப்போடு ஆண்டுக்கு 7,500. யூனிட் 9.50 என்றால் எலெக்ட்ரிக் கீசரில் 71,000 ரூபாய், ஹீட் பம்ப்பில் 20,000 சொச்சம். 51,000 மிச்சம். 500 லிட்டர் சிஸ்டம் 3 லட்சத்துக்குக் கிடைத்தால் ஆறு ஆண்டில் கை சேரும். அவர்களுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் 1,750 என்று வைத்தால், அதில் வெப்பம் யூனிட்டுக்கு 9 ரூபாய் ஆகிறது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஹீட் பம்ப்.

---

மாடி_நாலு | 14 டிசம்பர், இரவு 9:20

புரிந்தது. சோலார் வாட்டர் ஹீட்டர்?

---

மின்கணக்கு | 14 டிசம்பர், இரவு 9:31

மொட்டை மாடி அசோசியேஷனுடையது, அனுமதி வேண்டும். உங்களுக்கு அதிகம் தேவைப்படும் நவம்பர், டிசம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம். ஹார்ட்னஸ் 460-இல் டியூப் உப்பு கட்டும். விடுங்கள்.

---

மாடி_நாலு | 14 டிசம்பர், இரவு 9:40

அப்படியானால் எலெக்ட்ரிக் கீசர்தான் என்று முடிவாகிறது. எத்தனை லிட்டர், எதைப் பார்த்து வாங்குவது? வெறும் மூன்று 15 லிட்டர் போதுமா?

---

குழாய்_வேலை | 15 டிசம்பர், காலை 6:55

பெரியவங்க பாத்ரூமுக்கு 25, மத்த ரெண்டுக்கும் 15.

15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏத்தினா கலந்து 30 லிட்டர் வரும், ஒன்றரை பக்கெட். 25 லிட்டர்னா 50, ரெண்டரை பக்கெட். 2 கிலோவாட் எலிமென்ட்ல 15 லிட்டர் சூடாக 18 நிமிஷம், 25-க்கு அரை மணி. ஒரு ஆள் குளிச்சு முடிச்சு அடுத்த ஆள் போறதுக்குள்ள 15 லிட்டர் திரும்பத் தயாராயிடும்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்காதீங்க. 3 கிலோவாட் இழுக்கும், ஒயர் சூடாகும், உங்க தண்ணில எலிமென்ட்ல உப்பு கட்டி ஒரு சீசன்ல 'டப்'னு போகும். சின்ன டேங்க்ல எலிமென்ட் எப்பவும் கொதிநிலையைத் தொட்டுக்கிட்டே இருக்கும், அதான் காரணம்.

தெர்மோஸ்டாட்டை 60-ல வைக்காம 52, 53-ல வைங்க. 55-க்கு மேலதான் சுண்ணாம்பு வேகமாப் படியும். அதனாலதான் பெரியவங்களுக்கு 25 சொன்னேன், சூடு குறைச்சு வச்சாலும் அளவு பத்தும். கை தவறித் திறந்தாலும் உடனே கொப்பளிக்காது.

கிளாஸ் லைனிங் டேங்க், ஆனோட் ராடு, கோட்டிங் போட்ட எலிமென்ட். இந்த மூணும் இருக்கான்னு கடையில கேளுங்க. ராடு விஷயம் உப்புக்காற்று சார் சொன்னதேதான், கீசருக்கும் அதே கதை. வருஷம் ஒருதரம்.

சேஃப்டி வால்வு சொட்டினா பிளக் அடிச்சு அடைக்காதீங்க. சூடான தண்ணி விரியறப்ப அந்த வழியாத்தான் வெளிய வரணும். கீழ ஒரு நான்–ரிட்டர்ன் வால்வும், மேல அடைச்ச சேஃப்டி வால்வும், ஒட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தா டேங்க் வெடிக்கும். மாசம் ஒருதரம் அந்த லீவரைத் தூக்கி ரெண்டு செகண்டு தண்ணி விட்டு மூடுங்க. உப்பு பிடிச்சு இறுகாம இருக்கும்.

உப்பு எடுக்க பாத்ரூம் ஆசிட் ஊத்தவே கூடாது, உலோகத்தைத் தின்னுடும். கீசர் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, டேங்கை வடிச்சு, சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 50 கிராம் கலந்து முக்கால் மணி நேரம் நிறுத்தி, நல்லா ரெண்டு தரம் அலசி விடணும். நாட்டு மருந்துக் கடையில 'எலுமிச்சை உப்பு'ன்னு கேட்டா கிடைக்கும்.

---

உப்புக்காற்று | 15 டிசம்பர், காலை 8:10

வயரிங்: ஒவ்வொரு கீசருக்கும் தனி 2.5 சதுர மி.மீ. லைன், 16 ஆம்ப் எம்சிபி, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்). கீசர் ஒன்றுக்கு 8.7 ஆம்ப். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 26. சிங்கிள் ஃபேஸ் வீடென்றால் மோட்டாரும் மைக்ரோவேவும் சேர்ந்து மெயின் விழும். ஒன்று சூடாகி நின்ற பிறகு அடுத்ததைப் போடுங்கள். எர்த் இருக்கிறதா என்று ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எர்த் இல்லாமலும் விழும். எலெக்ட்ரீஷியன் பிளக் பாயின்டில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.

---

மாடி_நாலு | 15 டிசம்பர், காலை 8:45

25 ஒன்று, 15 இரண்டு. எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: பில்டர் விட்ட அந்த இரண்டு கேஸ் பாயின்ட்டையும் என்ன செய்வது? இப்போதைக்கு பாத்ரூம் சுவரில் டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். மறுமுனை கிச்சனில் சிலிண்டர் வைக்கும் இடத்தில், மெயின் லைனோடு சேர்த்திருக்கிறது.

---

குழாய்_வேலை | 15 டிசம்பர், காலை 9:02

சேர்த்திருக்கா? அப்ப அதை இன்னைக்கே பாருங்க. டேப்பை நம்பக் கூடாது.

சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்க. அடுப்பைப் பத்த வச்சு லைன்ல மிச்சம் இருக்கற கேஸ் தானா எரிஞ்சு அணையற வரைக்கும் விடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சு, லைட் ஸ்விட்சைத் தொடாம, கிச்சன் முனையில அந்தக் கிளையைக் கழட்டி டி வாயில பித்தளை எண்ட் கேப் போடச் சொல்லுங்க. பிளாஸ்டிக் பிளக் கூடாது. மரைக்கு கேஸுக்குன்னு வர்ற மஞ்சள் டெஃப்லான், தண்ணிக்கு சுத்தற வெள்ளை இல்ல. பாத்ரூம் முனை ரெண்டுக்கும் அதே மாதிரி கேப். பிறகு ரெகுலேட்டரைத் திறந்து எல்லா ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவி அஞ்சு நிமிஷம் பாருங்க. ஒரு குமிழி வந்தாலும் திரும்ப மூடி, கழட்டி மாட்டணும். கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கைக் கூப்பிட்டே செய்யுங்க, இது நீங்களா ஸ்பானர் பிடிக்கிற வேலை இல்ல.

---

மாடி_நாலு | 15 டிசம்பர், பகல் 12:37

மெக்கானிக் வந்தார். கிச்சன் முனையில் கேப் போட்டாயிற்று, நுரையில் குமிழி இல்லை. பாத்ரூம் முனை ஒன்றில் டேப்புக்கு அடியில் மரையே சரியாக ஏறவில்லை, அதை அறுத்துப் புதிதாக மரை போட்டு மூடினார். எதிர் பிளாட்டிலும் இதே மாதிரி விட்டிருக்கிறார்கள், அங்கேயும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.